தலையணைக்கு அடியில் மறைத்த மாத்திரை
(தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஸ்பின்னிங்கில் வேலை செய்யும் நம் தோழர் ஒருவர். மனநோய்க்காகப் பல ஆண்டுகளாக லித்தியம் மாத்திரை சாப்பிட்டு, ஒழுங்காக வேலைக்கு வந்துகொண்டிருப்பவர். குடலிறக்க ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். "வேறு மாத்திரை ஏதும் சாப்பிடுகிறீர்களா?" என்று டாக்டர் கேட்டார். "இல்லை" என்று சொல்லிவிட்டார். ஏன்? பக்கத்துக் கட்டிலில் அதே மில் மேஸ்திரி! பைத்தியம் என்ற பட்டம் வந்தால் வேலை போய்விடுமே என்ற பயம்.

மாத்திரையைத் தலையணைக்கு அடியில் வைத்து ரகசியமாக விழுங்கினார். வலிக்கு டைக்ளோஃபினாக் ஊசி போட்டார்கள். நான்காம் நாள் கை நடுக்கம், வாந்தி, நாக்குக் குழறல். அவர் மனைவி மாத்திரை அட்டையைக் காட்டிய பிறகே காரணம் தெரிந்தது. பிழைத்துக்கொண்டார்.

நடந்தது என்ன? லித்தியம் சிறுநீரகத்தின் வழியாக வெளியேற வேண்டியது. பட்டினியால் உடம்பில் தண்ணீர் குறைந்தாலும், டைக்ளோஃபினாக், இபுப்ரூஃபன் போன்றவை சேர்ந்தாலும் அது ரத்தத்தில் தேங்கிவிடுகிறது. நோயை அடக்கும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. அதனால்தான் பெரிய ஆபரேஷன் என்றால் ஒன்று முதல் மூன்று நாள் முன்பே அதை நிறுத்தச் சொல்வதுண்டு.

அப்படியானால் எல்லா மாத்திரையையும் நாமே நிறுத்திவிடலாமா? கூடவே கூடாது! நெடுநாள் சாப்பிட்ட டயஸெபாம், குளோனசெபாமைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம். குளோசபின் 48 மணி நேரத்துக்கு மேல் தவறினால், பழைய அளவில் விழுங்குவது அபாயம், 12.5 மில்லிகிராமிலிருந்து மறுபடி ஏற்ற வேண்டும். மனச்சோர்வுக்கு ஃப்ளூவாக்ஸெடின், செர்ட்ராலின் சாப்பிடுகிறவர்களுக்கு டிரமடால் என்ற வலி மருந்து ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

பீடி குடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சிரிக்காதீர்கள், இதுவும் வைத்திய விஷயந்தான். பீடிப் புகை குளோசபினையும் ஓலன்ஸபினையும் ஈரலில் சீக்கிரம் கரைத்துவிடுகிறது. ஆஸ்பத்திரியில் பீடி நின்றதும் அதே மாத்திரை ரத்தத்தில் கூடிவிடும். ஆளைக் கிறங்க வைக்கும். ஆஸ்பத்திரியிலும் பீடி குடியுங்கள் என்று நான் சொல்லவில்லை! நாளைக்கு எத்தனை பீடி என்பதை ஒளிக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

மேஸ்திரி காதில் விழுமே என்றால், டாக்டரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். நோயாளியின் விஷயத்தை ரகசியமாகக் காக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது. இது நமது உரிமை. யாரும் போடும் பிச்சையல்ல.

வயல்வேலை செய்யும் தோழர்களே, மாத்திரையின் பெயர் வாயில் நுழையவில்லையா? அட்டையையும் மருந்துச் சீட்டையும் அப்படியே கொண்டுபோய்க் காட்டுங்கள். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டருக்கும் காட்டுங்கள். ஆபரேஷன் அன்று காலையில் எதை ஒரு மிடறு தண்ணீரில் விழுங்கலாம், எதை விடவேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்குங்கள். மயக்கம் தெளியாத நேரத்தில் எடுத்துச் சொல்ல, விஷயம் தெரிந்த ஒருவர் கட்டில் பக்கத்தில் இருக்கட்டும்.