குறுக்கு வழியும் குறித்து வைக்கும் முறையும்

(குறுவள மைய ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



என்னிடம் எட்டாம் வகுப்பில் ஒரு மாணவன் படித்தான். எந்தக் கணக்கையும் கடைசி ஆளாகத்தான் முடிப்பான். 'மெல்லக் கற்பவர்' என்று என் பதிவேட்டில் நானே எழுதி வைத்திருந்தேன். அது தவறு என்று எனக்குக் காட்டியது ஒரு பஸ் கணக்கு. அதைத்தான் இன்று பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன்.

அருமனையிலிருந்து சுற்றியுள்ள ஊர்களுக்குக் குறைந்த நேரத்தில் போகும் வழி எது? இதுதான் கணக்கு. மேல்புறம், சிதறால், மார்த்தாண்டம், களியல், திற்பரப்பு, குலசேகரம் என்று அருமனையையும் சேர்த்து 12 ஊர்களைப் புள்ளிகளாக வைத்தோம். சாலைகளைக் கோடுகளாக வரைந்தோம். 17 கோடுகள் வந்தன. பிள்ளைகள் தாங்கள் அறிந்த பஸ் நேரத்தை நிமிடக் கணக்கில் ஒவ்வொரு கோட்டின் மேலும் எழுதினார்கள். இப்படிப் புள்ளியும் கோடுமாக அமைவதைக் கோட்டுரு என்கிறோம்.

தீர்க்கும் நெறிமுறை, நெதர்லாந்து நாட்டு அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1956இல் கண்டு, 1959இல் வெளியிட்டது. முடிவாகாத ஊர்களில் மிகக் குறைந்த நேரம் உள்ளதை எடு. அதை உறுதி செய். அதன் வழியாக அடுத்த ஊருக்கு இன்னும் சீக்கிரம் போகலாம் என்றால் பழைய எண்ணை அடித்துப் புதியதை எழுது. எங்கள் கணக்கில் சிதறாலுக்கு 10, மேல்புறத்துக்கு 12. முதலில் சிதறாலை எடுத்தோம். அதன் வழியாக மார்த்தாண்டம் 32 என்று வந்தது. அடுத்து மேல்புறத்தை எடுத்தபோது 12ம் 13ம் சேர்ந்து 25. உடனே 32ஐ அடித்தார்கள். எந்த நேரமும் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகாதவரை இந்த முறை சரியான விடையே தரும்.

வகுப்பே முடித்துவிட்டது, அவன் மட்டும் பாதியில் இருந்தான். நோட்டை வாங்கிப் பார்த்தேன். கூட்டலில் ஒரு பிழைகூட இல்லை. "சாரே, கூட்டத் தெரியும். எது எங்க கெடக்குண்ணு தேடத்தான் நேரம் போவுது" என்றான்.

அவன் சொன்னதுதான் தரவு அமைப்பு என்ற பாடத்தின் சாரம். அவன் 12க்கு 12 கட்டம் போட்டிருந்தான். மொத்தம் 144 கட்டங்கள். 17 சாலைகளை இரு திசையிலும் எழுதினால் 34 கட்டங்கள் நிறையும், 110 காலி. ஒவ்வொரு ஊருக்கும் 12 கட்டத்திலும் விரல் வைத்துத் தேடினான். மற்ற பிள்ளைகள் ஊருக்கு ஒரு வரி போட்டு, அடுத்துள்ள ஊர்களை மட்டும் எழுதியிருந்தார்கள். ஊர்கள் அதிகமாகவும் சாலைகள் குறைவாகவும் இருந்தால் வரிப் பட்டியலே நல்லது. எல்லா ஊருக்கும் எல்லா ஊரிலிருந்தும் சாலை இருந்தால் கட்டம் காலியாக இராது. அப்போது கட்டமே போதும்.

இரண்டாவது கேள்வி: அடுத்த மிகச் சிறிய எண்ணை எப்படி எடுப்பது? 12 ஊருக்குச் சாதாரணப் பட்டியல் போதும். முடிவாகாத எல்லா ஊரையும் ஒவ்வொரு முறையும் பார்த்தாலும் 11, 10, 9 என்று கூட்டினால் 66 பார்வைதான். 1000 ஊர் என்றால் அதுவே ஏறத்தாழ 5 லட்சம் ஆகிவிடும். அங்கேதான் 'குவியல்' உதவுகிறது. டைக்ஸ்ட்ராவின் கட்டுரை வந்தபோது அது இல்லை. வில்லியம்ஸ் என்பவர் 1964இல் கொடுத்தார்.

இதை மைதானத்தில் 15 பிள்ளைகளை வைத்துச் செய்யலாம். முதல் வரிசையில் ஒருவர், அடுத்து இருவர், நால்வர், எண்மர். ஒவ்வொருவர் கையிலும் ஓர் எண் அட்டை. முன்னால் நிற்பவரின் எண், அவருக்குப் பின்னால் நிற்கும் இருவர் எண்ணைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. மிகச் சிறிய எண் எப்போதும் முதலில் நிற்கும், தேட வேண்டாம். அவர் வெளியேறியதும் கடைசிப் பிள்ளை முன்னே வந்து, பின்னால் உள்ள இருவரில் சிறியவரோடு இடம் மாறிக்கொண்டே போவார். அதிகம் போனால் 3 மாற்றம். 1000 பேர் நின்றாலும் 10 தாண்டாது.

அதற்காக எப்போதும் குவியலே சிறந்தது என்று சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள். எல்லா ஊரும் எல்லா ஊரோடும் இணைந்திருந்தால் எண்கள் அடிக்கடி மாறும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் குவியலைச் சரிசெய்யும் வேலை கூடிவிடும். அங்கே சாதாரணப் பட்டியலே முந்தலாம். நேரத்தை விட்டுவிட்டு, எத்தனை சாலைகளைக் கடக்கிறோம் என்பது மட்டுமே கணக்கு என்றால், ரேஷன் கடை வரிசைபோல முதலில் வந்தவரை முதலில் அனுப்பும் வரிசையே போதும். மேல்நிலை வகுப்பில் பைத்தான் நடத்தும் நண்பர்கள், நிரலுக்கு முன் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: எத்தனை ஊர், எத்தனை சாலை, எதை அடிக்கடி தேடப் போகிறோம்?

அந்த மாணவனுக்குக் கட்டத்துக்குப் பதில் வரிப் பட்டியல் போடக் காட்டினேன். அடுத்த கணக்கை மற்றவர்களோடு சேர்ந்தே முடித்தான். அன்று மாலை என் பதிவேட்டில் எழுதியிருந்ததை அடித்தேன். ஒரு பிள்ளை தாமதித்தால் முதலில் அவன் நோட்டைப் பாருங்கள். அறிவைப் பற்றிய முடிவைப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.