மாத்திரை மாறும் நாட்களில் துணையாக இருப்போம்

(நமது அறக்கட்டளையின் குடும்ப நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்து 28 பேர் மவுத்தானார்கள். சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் தப்பிக்க முடியவில்லை. மனநோய்க்கு துஆவும் வேண்டும், மருந்தும் வேண்டும். அந்த மருந்தைக் கவனித்துக் கொடுக்க வீட்டில் ஓர் ஆளும் வேண்டும். பெரும்பாலும் அது கணவரோ மனைவியோதான்.

மற்ற மருந்துகளுக்குக் கட்டுப்படாத மனச்சிதைவு நோய்க்கு க்ளோசபின் தருகிறார்கள். நல்ல பலன் தரும் மருந்து. ஆனால் சிலருக்கு இரத்தத்தில் வெள்ளை அணுக்களைக் குறைத்துவிடும். 1975-இல் பின்லாந்தில் இதனால் உயிரிழப்புகள் நேர்ந்தன. பல நாடுகள் மருந்தை நிறுத்தின. பிறகு, தவறாமல் இரத்தம் பார்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் அது திரும்ப வந்தது. முதல் சில மாதங்கள் வாரம் ஒருமுறை, பிறகு டாக்டர் சொல்லும் இடைவெளியில் பார்க்க வேண்டும். "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது" என்று ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

இந்த மருந்து சாப்பிடுபவருக்குக் காய்ச்சல், தொண்டைவலி, வாய்ப்புண் வந்தால் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் காட்டி இரத்தம் பாருங்கள். இரண்டு நாள் மாத்திரை விட்டுப்போனால், பழைய அளவில் திரும்பத் தொடங்கக் கூடாது, டாக்டரைக் கேளுங்கள்.

வால்ப்ரோயேட் சாப்பிடுபவருக்கு அடிபடாமலே நீலத் தழும்பு தெரிந்தாலோ, ஈறில் இரத்தம் கசிந்தாலோ தட்டணுக்கள் குறைந்திருக்கலாம். லித்தியம் சாப்பிடுபவருக்கு உடலில் நீர் வற்றினால் இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். வாந்தி, கடும் கைநடுக்கம், தள்ளாட்டம் கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆகவே ரமலானுக்கு முன்பே டாக்டரைப் பாருங்கள். நோயாளிக்கு நோன்பில் சலுகை தந்தது நம் மார்க்கம்தான். அதை ஏற்பதில் வெட்கம் எதற்கு?

ஒரு நோட்டில் மாத்திரையின் பெயர், அளவு, மாற்றிய தேதி, இரத்த ரிப்போர்ட், தூக்கம் எல்லாம் எழுதி வையுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும் அதைக் காட்டுங்கள். மாத்திரையால் தூக்கமும் எடையும் கூடினால் "சோம்பேறி" என்று ஏசாதீர்கள். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவும் செய்யாதீர்கள்.

கவனிப்பவரும் களைத்துப்போவார். மாமியார், நாத்தனார், அண்ணன், தம்பி எல்லோரும் முறைவைத்து உதவுங்கள். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை நமக்குத் தூரமில்லை. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம்.

நோயாளிகள் அனைவருக்கும் அல்லாஹ் ஷிஃபா தருவானாக. வஸ்ஸலாம்.