மலை முதலில், நகரம் பிறகு



பள்ளி விடுமுறை நெருங்கினால் போதும், வீட்டில் ஒரு விவாதம் தொடங்கிவிடும். எங்கே போவது? எத்தனை நாள்? எவ்வளவு செலவு? ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கு நாற்பத்தைந்து வயது. கினபாலு மலையில் ஒருமுறையாவது ஏறிவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. பதினாறு வயது மகனும் தயார். அம்மாவுக்கு ஊரைச் சுற்றிப் பார்த்தால் போதும். பாட்டிக்கோ முழங்கால் வலி. மலையும் வேண்டும், நகரமும் வேண்டும். இந்த நால்வரும் ஒரே பயணத்தில் மகிழ்ச்சியாகப் போய்வர முடியுமா?

முடியும். ஆனால், எதை முதலில் வைப்பது, எதைக் கடைசியில் வைப்பது என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிட வேண்டும்.

பலர் செய்யும் திட்டம் இப்படி இருக்கும். கோத்தா கினபாலுவில் இறங்கியதும் கடைத்தெரு, தீவு, கடலுணவு என்று இரண்டு மூன்று நாள். பிறகு, கடைசி இரண்டு நாளில் மலை. இறங்கிய மறுநாளே விமானம். பார்ப்பதற்கு அழகான திட்டம்தான். ஆனால், மலையில் ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டால் ஈடுகட்ட மிச்ச நாள் இல்லை. அலைந்து களைத்த உடம்போடு ஏற வேண்டியிருக்கும். கடலில் காற்று உருளையோடு ஆழத்தில் நீந்தியவர்கள் உடனே உயரமான இடத்துக்குப் போவதும் விமானம் ஏறுவதும் ஆபத்து. உடலில் கரைந்திருக்கும் நைட்ரஜன் குமிழிகளாக மாறித் தொல்லை தரும். குறைந்தது ஒரு நாளாவது இடைவெளி விட வேண்டும்.

ஆகவே, மலை முதலில், நகரம் பிறகு.

கினபாலு மலையின் உயரம் 4,095 மீட்டர். ஏறும் பாதை 1,866 மீட்டர் உயரத்தில் உள்ள திம்போஹோன் நுழைவாயிலில் தொடங்குகிறது. முதல் நாள் ஆறு கிலோமீட்டர் நடந்து, 3,272 மீட்டர் உயரத்தில் இருக்கும் பனாலாபான் தங்குமிடத்தை அடைய வேண்டும். மறுநாள் விடியற்காலை இரண்டு, இரண்டரை மணிக்கு எழுந்து, இருட்டில் விளக்கு மாட்டிக்கொண்டு, மீதமுள்ள 2.7 கிலோமீட்டர் ஏற வேண்டும். சூரியன் உதிப்பதைப் பார்த்துவிட்டு, அதே நாளில் அடிவாரம் வரை இறங்க வேண்டும். ஏறுவது மூச்சுக்குச் சோதனை என்றால், இறங்குவது முழங்காலுக்குச் சோதனை.

உச்சியில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 60 விழுக்காடுதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் அந்த அளவுக்குக் குறைகிறது. வயதோ உடற்பயிற்சியோ பார்த்து உயர நோய் வருவதில்லை. பந்து விளையாடும் பதினாறு வயதுப் பிள்ளைக்கும் வரலாம். தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை ஆகியவை தொடக்க அறிகுறிகள். நடையில் தள்ளாட்டமும் பேச்சில் குழப்பமும் தெரிந்தால் அது ஆபத்தின் அறிகுறி. அதற்கு முதல் மருந்து கீழே இறங்குவதுதான். இரத்த அழுத்தம், இதயக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள் முன்பதிவு செய்வதற்கு முன்பே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

இதனால்தான், கடற்கரையில் இறங்கிய மறுநாளே மலை ஏறக் கூடாது. கோத்தா கினபாலுவிலிருந்து சாலை வழியாக இரண்டு மணி நேரத்தில் கினபாலு பூங்காவை அடையலாம். அங்கேயோ அருகிலுள்ள குண்டாசாங்கிலோ இரண்டு இரவு தங்கினால், 1,500 மீட்டர் உயரத்துக்கு உடம்பு பழகிக்கொள்ளும். அந்த இடைப்பட்ட நாளும் வீணல்ல. 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற பூங்கா அது. சிறு நடைபாதைகளிலே மெல்ல நடந்தால் பாட்டியும் கூட வரலாம்.

சரி, அப்பாவும் மகனும் மேலே ஏறும் அந்த இரண்டு நாளும் அம்மாவும் பாட்டியும் என்ன செய்வார்கள்? குண்டாசாங்கில் மலைக் காய்கறிச் சந்தை இருக்கிறது. போரிங் வெந்நீர் ஊற்று இருக்கிறது; பாட்டியின் முழங்காலுக்கு இதமாக இருக்கும். குண்டாசாங் போர் நினைவகத்தையும் பார்க்கலாம். இரண்டாம் உலகப் போரில் சண்டாக்கான் முகாமிலும் அங்கிருந்து ரானாவ் வரை ஜப்பானியர் நடத்திய மரண நடையிலும் மாண்ட ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் கைதிகளின் நினைவிடம் அது. ரானாவுக்கு நடத்திச் செல்லப்பட்டவர்களில் ஆறே பேர்தான் போர் முடியும்போது உயிரோடு இருந்தார்கள்.

மலை ஏறுவதற்கு நாள்தோறும் குறிப்பிட்ட எண்ணிக்கையினருக்கே அனுமதி. வழிகாட்டி இல்லாமல் ஏற முடியாது. பள்ளி விடுமுறையில் போக நினைப்பவர்கள் பல மாதங்களுக்கு முன்பே இடம் பிடித்துவிட வேண்டும். சைவ உணவுக்காரர்கள் அதையும் முன்பதிவின்போதே சொல்லிவிடுவது நல்லது. தீபகற்ப மலேசியாவிலிருந்து போகிறவர்கள் மைகார்டை மறந்துவிடக் கூடாது. சபாவில் தனியாகக் குடிநுழைவுச் சோதனை உண்டு. சிங்கப்பூரிலிருந்து போகிறவர்களுக்குக் கடப்பிதழ் வேண்டும்.

பயிற்சிக்கு எங்கே போவது? பத்துமலையின் 272 படிகள் இருக்கின்றனவே! முதுகில் பையை மாட்டிக்கொண்டு, வாரத்துக்கு இரண்டு நாள், ஒவ்வொரு முறையும் பல தடவை ஏறி இறங்கலாம். அடுக்குமாடியில் குடியிருப்பவர்கள் மின்தூக்கியை மறந்துவிட்டுப் படிகளில் ஏறினாலே போதும். இரண்டு மூன்று மாதம் இப்படிச் செய்தால் கால் பழகிவிடும். உச்சியில் குளிர் உறையும் நிலைக்கு அருகில் இருக்கும் என்பதால் கையுறை, காதை மூடும் தொப்பி, மழையங்கி, தலையில் மாட்டும் விளக்கு ஆகியவை கட்டாயம். விலை உயர்ந்த காலணி தேவையில்லை. 'கம்போங் அடிடாஸ்' என்று செல்லமாக அழைக்கப்படும் ரப்பர் காலணியோடு ஏறுகிறவர்களும் உண்டு.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்றைக் கடையில் வாங்க முடியாது. பாதி வழியில் திரும்பத் துணிவதுதான் அது.

பனாலாபானில் மகனுக்குத் தலைவலி வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவில் வாந்தியும் எடுக்கிறான். அப்பாவின் மனத்தில் என்ன ஓடும்? "இவ்வளவு காசு கட்டியாச்சே! இன்னும் 2.7 கிலோமீட்டர்தானே!" மகனும் அப்பாவின் ஆசை கெட்டுவிடக் கூடாதே என்று வலியை மறைப்பான். மலையில் தவறான முடிவுகள் இப்படித்தான் பிறக்கின்றன. எனவே, வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே பேசி முடித்துவிட வேண்டும். யாருக்கு முடியவில்லை என்றாலும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சொன்னவரைக் கேலி செய்யக் கூடாது. வழிகாட்டி "போதும்" என்றால் அதுவே கடைசி வார்த்தை.

2015 ஜூன் 5ஆம் தேதி காலையில், 6 என்ற அளவிலான நிலநடுக்கம் இந்த மலையை உலுக்கியது. 18 பேர் உயிரிழந்தனர். சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த தொடக்கப்பள்ளி மாணவர்களும், ஆசிரியர்களும், மலை வழிகாட்டிகளும் அவர்களில் அடங்குவர். நூற்றுக்கும் மேற்பட்டோர் மேலே சிக்கிக்கொண்டனர். அவர்களைக் கீழே கொண்டுவரப் பாடுபட்டவர்களில் உள்ளூர் வழிகாட்டிகளின் பங்கு பெரிது. நிலநடுக்கத்தை யாரும் முன்கூட்டியே அறிய முடியாது. ஆனால், காப்புறுதி எடுப்பது, குழுவைவிட்டு விலகாமல் இருப்பது, வழிகாட்டியின் சொல்லைக் கேட்பது ஆகிய மூன்றும் நம் கையில் இருக்கின்றன. கடசான் டுசுன் மக்கள் இந்த மலையை மூதாதையரின் ஆவிகள் உறையும் இடமாகப் போற்றுகிறார்கள். அங்கே கூச்சல் போடாமல் அடக்கத்தோடு நடப்பதும் ஏறுகிறவரின் கடமை.

இனி நகரம். கால் வலியோடு இறங்கியவர்களுக்குக் கோத்தா கினபாலு பொருத்தமான ஊர். தூரங்கள் குறைவு. 1905இல் கட்டிய அட்கின்சன் மணிக்கூண்டு, இளம் வயதில் காய்ச்சலால் இறந்த மாவட்ட அதிகாரி ஒருவரின் நினைவாக அவருடைய தாயார் அளித்த கடிகாரத்தைத் தாங்கி நிற்கிறது. அப்போது ஊரின் பெயர் ஜெசல்டன். போரின் குண்டுவீச்சில் ஊர் அழிந்தும் தப்பிய மிகச் சில கட்டடங்களில் அதுவும் ஒன்று. லிக்காஸில் நீர் சூழ்ந்த பள்ளிவாசல் இருக்கிறது. ஞாயிறு காலையில் காயா தெருச் சந்தை கூடும். படகில் சற்றுத் தூரம் போனால் தீவுகள். ஞாயிற்றுக்கிழமை சந்தையில் இருக்கும்படி பின்னோக்கிக் கணக்குப் போட்டால், செவ்வாயன்று போய் இறங்க வேண்டும். வியாழனும் வெள்ளியும் மலைக்கு. திங்களன்று வீடு திரும்பலாம்.

ஒருவேளை, அப்பாவும் மகனும் உச்சியைத் தொடாமலே இறங்கி வந்துவிட்டால்? கினபாலுவின் மிக உயரமான முனைக்கு லோ சிகரம் என்று பெயர். 1851இல் மலையேறிய ஹியூ லோவின் பெயர் அது. ஆனால், அவர் உச்சிச் சமவெளி வரை போனாரே தவிர, அந்த முனையில் கால் வைத்ததே இல்லை. 1888இல் ஜான் வைட்ஹெட் ஏறிய பிறகுதான் அது எட்டப்பட்டதாகப் பதிவு இருக்கிறது. ஏறாமல் திரும்பியவரின் பெயர்தான் சிகரத்தில் நிலைத்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காயா தெருவில் நால்வரும் சேர்ந்து நடந்தால், அந்த விடுமுறை வெற்றிதான்.