கயத்தாற்று உரைகல்: காற்றாலைத் தொழிலும் திறந்த புத்தாக்கமும்

ஒரு நிறுவனம் தனக்கு வேண்டிய புதிய அறிவு முழுவதையும் தன் ஆய்வுக்கூடத்துக்குள்ளேயே விளைவித்துக்கொள்ள வேண்டும் என்ற பழைய எண்ணத்தை விட்டு, வாடிக்கையாளர், பல்கலைக்கழகம், அரசு ஆய்வகம், சில வேளை போட்டியாளர் ஆகியோரிடமிருந்தும் அதைப் பெறுவதையும், தன்னிடம் பயன்படாமல் கிடப்பதைப் பிறருக்கு அளிப்பதையும் 'திறந்த புத்தாக்கம்' என 2003-இல் வெளிவந்த தம் நூலில் ஹென்றி செஸ்பரோ பெயரிட்டார். பெயர்தான் புதிது. கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட ஊராகவே பலரும் அறிந்த கயத்தாறு, அச்செயலில் கடினமான பகுதி எது என்பதையும் காட்டக்கூடிய ஊர்.

செங்கோட்டைக் கணவாய் வழியே நுழையும் தென்மேற்குப் பருவக்காற்று, மழையைப் பெரும்பாலும் மலைக்கு அப்பாலேயே கொட்டிவிட்டுக் கரிசல் காட்டை வெறுங்காற்றாக வந்தடைகிறது. 1998-இல் சென்னையில் நிறுவப்பட்டு இன்று தேசிய காற்று சக்தி நிறுவனம் என வழங்கும் அமைப்பு, டென்மார்க்கின் வளர்ச்சி உதவி அமைப்பான டானிடாவின் தொழில்நுட்பத் துணையோடும் ஓரளவு நிதியுதவியோடும் தன் காற்றாலைச் சோதனை நிலையத்தை இங்கு அமைத்ததற்கு இக்காற்றே காரணம். அங்கு காற்றாலைக்கு முன்னால், சுழலியின் விட்டத்தைப்போல் இரண்டு முதல் நான்கு மடங்கு தொலைவில் ஓர் அளவைக் கம்பம் நிற்கும். அதன் உச்சியில் சுழலும் கிண்ணங்கள் காற்றின் வேகத்தைப் பதிய, பத்து நிமிடச் சராசரிகளாகத் திரட்டிய அவ்வேகமும் அதே நேரத்தில் இயந்திரம் தந்த மின்திறனும் இணைக்கப்பட்டு, எந்த வேகத்துக்கு எவ்வளவு மின்சாரம் என்று காட்டும் 'திறன் வளைகோடு' வரையப்படும். விற்பவர் சொல்லுக்கும் வாங்குபவர் ஐயத்துக்கும் இடையே, இரு தரப்பையும் சாராத உரைகல் அது.

இம்முறையின் தாயகமும் டென்மார்க்கே. அங்கு 1978-இல் ரிசோ ஆய்வகத்தில் சோதனை நிலையம் தொடங்கியது. அதன் ஒப்புதல் பெற்ற காற்றாலைகளுக்கே அரசு மானியம் கிடைத்தது. அதே ஆண்டில் சங்கம் கண்ட காற்றாலை உடைமையாளர்கள், எந்த நிறுவனத்தின் இயந்திரம் எவ்வளவு உற்பத்தி செய்தது, எது பழுதாயிற்று என்பதைத் தம் இதழில் வெளியிட, வேளாண் கருவி செய்துவந்த சிறு பட்டறைகள் அக்குறைகளைப் படித்தே அடுத்த இயந்திரத்தைத் திருத்தின. ஜெர்மனியோ பெருநிறுவனங்களின் துணையோடு 3 மெகாவாட் திறனுள்ள குரோவியன் என்னும் பேரியந்திரத்தை 1983-இல் நிறுவி, அது சில நூறு மணி நேரமே ஓடிய நிலையில் 1988-இல் பிரித்தெடுத்தது.

இந்தியாவில் வெளியறிவு பெரும்பாலும் உரிம ஒப்பந்தமாகவும் கூட்டு முயற்சியாகவும் வந்தது. வெஸ்டாஸ் ஆர்ஆர்பி, என்ஈபிசி மைகான் என்ற இரட்டைப் பெயர்களே அதைச் சொல்லும். குஜராத்தில் துணித் தொழில் நடத்திய துளசி தாந்தி, மின்கட்டணச் சுமை தாங்காமல் முதலில் காற்றாலை வாங்கியவர். பிறகு 1995-இல் சுஸ்லானைத் தொடங்கி, ஜெர்மனியின் சூட்விண்டிடம் தொழில்நுட்பம் பெற்றார். சுஸ்லான் வாங்கியதோடு நிற்காமல் ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் தனக்கென ஆய்வுப் பிரிவுகளை அமைத்துக்கொண்டது. வெளியறிவை இனங்கண்டு, செரித்து, தனதாக்கும் இவ்வாற்றலை 'உள்வாங்கு திறன்' எனக் கோகனும் லெவிந்தாலும் 1990-இல் விளக்கினர். வயிறு இல்லாதவனுக்கு விருந்து வைத்துப் பயனில்லை.

இங்கு விடுபட்டது பயன்படுத்துவோரின் குரல். 1990-களில் இயந்திர விலை முழுவதையும் முதலாண்டிலேயே தேய்மானமாகக் கழிக்க வரிச்சட்டம் இடமளித்ததால், நிறுவிய அன்றே பாதி ஆதாயம் கண்டவருக்கு உற்பத்திக் கணக்கை ஒப்பிட்டுப் பார்க்கும் அவசரம் இல்லை. சோதனை நிலையம் பெரிதும் அளப்பது புதிய வடிவங்களை. பத்து ஆடிக் காற்றைக் கண்ட இயந்திரத்தின் பல்சக்கரப் பெட்டி எங்கே தேய்ந்திருக்கிறது என்பதைக் கோபுரத்துக்குள் ஏணியேறி எண்ணெய் மாற்றும் கயத்தாற்றுப் பணியாளர் அறிவார். நிறுவனங்கள் வகுக்கும் புறமூலங்களின் பட்டியலில் பல்கலைக்கழகத்துக்கு இடமுண்டு. அவருக்கு இன்னும் இடமில்லை.