தலைவரை நீக்கும் அதிகாரம் யாரிடம்?

(தொழிற்சங்க ஊழியர்களுக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றப்பட்ட உரை)



பணியிடத்தில் நல்ல தலைவருக்கு வேண்டிய பண்புகள் எவை என்பது இன்று நல்ல விலைக்கு விற்கும் கேள்வியாகிவிட்டது. விமான நிலையப் புத்தகக் கடைகளில் இதற்கான விடைகளே ஓர் அலமாரி முழுவதும் அடுக்கப்பட்டிருக்கின்றன. தொலைநோக்கு, தன்னம்பிக்கை, பரிவு, பேச்சாற்றல் எனப் பட்டியல் நீள்கிறது. இந்தப் பண்புகளைக் குறைகூற ஏதுமில்லை. ஆனால் அந்தத் தலைவரைத் தேர்ந்தெடுத்தவர்கள் யார், அவர் தவறினால் நீக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்ற கேள்வி அப்புத்தகங்களில் எழுவதேயில்லை.

2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நாராயணமூர்த்தி, இளைஞர்கள் வாரத்திற்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டுமென்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என்.சுப்ரமணியன் அதை 90 மணி நேரமாக உயர்த்தியதோடு, ஞாயிற்றுக்கிழமையும் வேலை வாங்க முடியவில்லையே என்று ஊழியர்களிடமே வருத்தப்பட்டுக்கொண்டார். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் விதித்த வரம்போ வாரத்திற்கு 48 மணி நேரம். இருவரும் திறமையற்றவர்கள் என்று யாரும் சொல்லப்போவதில்லை. அலமாரிப் புத்தகங்கள் கேட்கும் பண்புகளில் பல அவர்களிடம் இருக்கவும் கூடும். எனினும் இப்படிப் பேச முடிந்தது. காரணம், கேட்டுக்கொண்டிருந்த ஊழியர்களின் கையில் வாக்குச்சீட்டு இல்லை.

வாக்குச்சீட்டு இருந்தால் பணியிடம் நடக்குமா? கேரளத்தின் கண்ணூரில் இதற்கு நீண்ட அனுபவம் உண்டு. 1966ஆம் ஆண்டுப் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டத்தை இ.எம்.எஸ். தலைமையிலான அரசு நடைமுறைப்படுத்த முனைந்தபோது, மங்களூர் முதலாளிகள் கண்ணூர்க் கிளைகளை மூடிவிட்டு வெளியேறினர். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தெருவில் நின்றன. அந்த நெருக்கடியில்தான் 1969இல் அரசின் கடனுதவியோடு தினேஷ் பீடிக் கூட்டுறவு பிறந்தது. உச்சத்தில் அதில் 30,000க்கும் மேற்பட்டோர் பணிபுரிந்தனர்.

பீடித் தொழிலில் மேஸ்திரி என்ன செய்வார் என்பதை அறியாதவர் குறைவு. மாலையில் கட்டுகளை வாங்கும்போது ‘சரியில்லை’ என ஒரு பங்கைக் கழிப்பார். கழித்ததற்குக் கூலி கிடையாது. ஆனால் கழித்த பீடி குப்பைக்கும் போகாது, சந்தைக்குப் போகும். எந்தக் கேள்விக்கும் ஆளாகாத அதிகாரம் திருட்டாக மாறுவதற்கு இதைவிடச் சிறிய, இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை. கூட்டுறவிலும் தரம் பார்ப்பது நின்றுவிடவில்லை. நின்றிருந்தால் சந்தையில் ஒரு மாதம்கூடத் தாங்கியிருக்காது. ஆனால் அங்கே கட்டைக் கழிப்பவருக்கு மேலே, தொழிலாளர்கள் வாக்களித்து அனுப்பிய இயக்குநர்கள் இருந்தனர். பக்கத்திலேயே சங்கம் இருந்தது. கழித்ததற்குக் காரணம் சொல்லியாக வேண்டும்.

மைய சங்கத்தின் முதல் தலைவரான ஜி.கே.பணிக்கர் தொழிலாளி அல்லர். தொழில் துறை அதிகாரி. கொள்கையில் கறாரானவர்கள் சிலருக்கு இது உறுத்தக்கூடும். கொள்முதலையும் கணக்கையும் விற்பனையையும் அறிந்த ஒருவர் அன்று தேவைப்பட்டார். அறிவுள்ளவர் நிர்வகிப்பதில் கேடில்லை, அவர் நிர்வகிக்கும் மக்கள் கணக்கைப் படித்துப் புரிந்துகொள்ளக் கூடியவர்களாக இருந்தால். கண்ணூர்ப் பீடித் தொழிலாளர்கள் அத்தகையவர்கள். ஒருவர் உரக்க நாளிதழ் வாசிக்க, மற்றவர்கள் கேட்டபடியே சுற்றுவார்கள். வாசிப்பவருக்கு இழப்பாகும் பீடியைத் தங்கள் கணக்கிலிருந்து தருவார்கள். ஆண்டுக்கணக்கில் இப்படி உலகச் செய்தியைக் கேட்டு விவாதித்தவர்களிடம் பொய்க் கணக்குக் காட்டுவது எளிதன்று.

பீடி உடலைக் கெடுக்கும் பொருள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. புகைப்பழக்கம் குறையத் தொடங்கியதும் தொழில் சுருங்கியது. ‘உங்கள் கைத்தொழில் முடியப் போகிறது’ என்று, தன்னைத் தேர்ந்தெடுத்த மக்களிடமே சொல்ல வேண்டிய நிலை தலைமைக்கு வந்தது. ஓட்டுக்காக அதை ஒத்திப்போடும் ஆபத்து இத்தகைய அமைப்பில் மெய்யாகவே உண்டு. தினேஷ் உணவுப் பொருள், குடை, ஆயத்த ஆடை, பின்னர் மென்பொருள் வரை கிளை விரித்தது. அவை பீடி தந்த அளவு வேலையைத் தரவில்லை. இன்னொரு குறையும் உண்டு: சுற்றுவோரில் பெண்களே மிகுதி, முடிவெடுக்கும் இருக்கைகளிலோ ஆண்களே மிகுதி. வாக்குரிமை மட்டும் இந்தக் கோணலைத் தானாக நிமிர்த்திவிடவில்லை.

வடகரைக்கருகே ஊராளுங்கல் தொழில் ஒப்பந்தக் கூட்டுறவின் கதை இதைவிடப் பழையது. வாக்படானந்தரின் ஊக்கத்தில் 1925இல் 14 கூலித் தொழிலாளர்கள் தொடங்கியது. இன்று சாலைகளும் பாலங்களும் கட்டும் அந்தச் சங்கத்தை நடத்தும் இயக்குநர் குழுவை உறுப்பினர்களான தொழிலாளர்களே தேர்ந்தெடுக்கின்றனர். அதே சங்கம் கோழிக்கோட்டில் தகவல் தொழில்நுட்பத்துக்கென யு.எல். சைபர் பார்க்கையும் கட்டியிருக்கிறது. கட்டடம் தொழிலாளர்களுடையது, உள்ளே இடம்பிடித்து இயங்கும் நிறுவனங்கள் வழக்கமான நிறுவனங்களே. அங்கே கணினி முன் அமர்ந்திருக்கும் இளைஞருக்கு, அந்தக் கட்டடத்துக்குச் செங்கல் சுமந்தவருக்குள்ள உரிமை கிடையாது.

கூட்டுறவு அல்லாத இடங்களில் கேள்வி கேட்க இருந்த ஏணி நிலையாணைகள். எந்தக் குற்றத்துக்கு என்ன நடவடிக்கை, முறையீடு யாரிடம் என்பதை நிர்வாகம் எழுத்தில் தர வேண்டுமென்று 1946ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. கர்நாடக அரசு தகவல் தொழில்நுட்பத் துறைக்கு அதிலிருந்து விலக்களித்து, 2024இல் மேலும் 5 ஆண்டுகளுக்கு நீட்டித்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பின்படி, 300க்குக் குறைவான தொழிலாளர்கள் உள்ள நிறுவனத்துக்கு நிலையாணைகள் கட்டாயமில்லை. முன்பு அந்த எல்லை 100. இடையிலுள்ள நிறுவனங்களில் மேலாளர் நல்லவராக இருப்பதும் கெட்டவராக இருப்பதும் இனி அவருடைய விருப்பம். அங்கே கிளை அமைக்கச் செல்லும் தோழர்கள் முதல் கோரிக்கையாக எழுத்திலான முறையீட்டு விதிகளைக் கேட்க வேண்டும். ஊதிய உயர்வுக் கோரிக்கையை அதற்கு அடுத்த வரியில் எழுதிக்கொள்ளலாம்.