ஒரே கம்ப்யூட்டர், ஆளுக்கொரு ப்ரொஃபைல்

இன்னைக்கு ஒரு சின்ன டெக் விஷயம். ஆனா கதை தொடங்குறது பழவேற்காட்டுல.

அங்க ஒரு மீனவக் குப்பத்துல, பொது அறையில ஒரே ஒரு பழைய கம்ப்யூட்டர். அதுல லிப்ரேஆபிஸ். ஒரு அக்கா மகளிர் குழுக் கணக்கு போடுவாங்க, காலேஜ் பசங்க ரெஸ்யூமே அடிப்பாங்க, பெரியவங்க நிவாரண மனு எழுதுவாங்க. எல்லாருக்கும் ஒரே லாகின்.

ஒருநாள் அக்கா ஆபிஸைத் திறந்ததும், ஒரு ஃபைலை மீட்கவான்னு கேட்டுச்சு. தன்னோட கணக்குதான்னு நினைச்சு 'சரி' தட்டிட்டாங்க. வந்தது வேற ஒருத்தரோட மனு. முந்தின நாள் கரண்ட் போனதுல பாதியில நின்னது. அவரோட கடன் விவரம் முழுக்க அதுல இருந்துச்சு. அக்கா உடனே மூடிட்டு, "தம்பி, இது நான் பார்க்கக் கூடாததுப்பா"ன்னாங்க.

ஏன் இப்படி? லிப்ரேஆபிஸ் ரெண்டு பகுதி. மென்பொருள் ஓர் இடத்துல இருக்கும், அதை எல்லாரும் பகிரலாம். செட்டிங்ஸ், சொந்த அகராதி, சமீபத்துல திறந்த ஃபைல்களோட பட்டியல், மீட்பு விவரம் எல்லாம் யூசர் ப்ரொஃபைல்ங்கிற தனி ஃபோல்டர்ல இருக்கும். விண்டோஸ்ல அது ஆப்டேட்டாவுக்குள்ள, லினக்ஸ்ல ஹோமுக்குள்ள மறைஞ்சிருக்கிற கான்ஃபிக் ஃபோல்டர்ல. லாகின் ஒண்ணுன்னா ப்ரொஃபைலும் ஒண்ணுதான்.

பழவேற்காட்டுக்காரங்களுக்கு இதை விளக்குறது ஈஸி. அங்க 'பாடு'ன்னு ஒரு வழக்கம் உண்டு. ஏரியில எந்த இடத்துல, என்னைக்கு, யார் வலை போடணும்னு மீனவர்களே முறை வச்சுப் பிரிச்சுக்குவாங்க. ஏரி பொதுதான், ஆனா வலை அவங்கவங்களோடது.

சரி, தீர்வு? ஆளுக்கொரு விண்டோஸ் அக்கவுன்ட், ஆளுக்கொரு பாஸ்வேர்ட். ஆபிஸை ஒரு தடவை இன்ஸ்டால் பண்ணினா போதும், ப்ரொஃபைல் தானா பிரிஞ்சிடும். ஒருத்தர் ப்ரொஃபைல் கெட்டுப்போனாலும் மத்தவங்க வேலை நிக்காது.

இன்னொரு வழியும் இருக்கு: ஒரே லாகினை வச்சுக்கிட்டு, ஒவ்வொருத்தர் ஷார்ட்கட்லயும் 'யூசர்இன்ஸ்டாலேஷன்'னு வேற வேற ஃபோல்டரைக் காட்டலாம். செட்டிங்ஸ் கலக்காது. ஆனா ஃபைல் மேனேஜர்ல போய் யார் வேணும்னாலும் யாரோட ஃபைலையும் திறக்கலாம். அதனால அது வசதி மட்டும்தான், பாதுகாப்பு இல்ல.

நாங்க முதல் வழியிலதான் போனோம். அரை நாள் வேலை, செலவு எதுவும் இல்ல.

உங்க வீட்டு லேப்டாப்பும் ஒரே லாகின்ல ஓடுதா? சமீபத்திய ஃபைல் பட்டியலை ஒருதடவை திறந்து பாருங்க. அப்புறம் பேசலாம்.