மூன்று ஆண்டு மானியமும் முடியாத ஆறும்



நான் புதுச்சேரியின் பாகூர்ப் பக்கத்துச் செலியமேட்டுக்காரன். எங்கள் ஊர்ப் பெயரிலேயே மேடு இருக்கிறது. அந்தப் பெயரை வைத்தவர்களுக்குத் தண்ணீர் எங்கே நிற்கும், எங்கே நிற்காது என்பது தெரிந்திருக்கிறது. ஆற்றுப் படுகையைப் பற்றி நான் படித்த முதல் பாடம் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

9ஆம் நூற்றாண்டில், பல்லவன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டில், அதே பாகூரில் ஒரு வித்தியாஸ்தானம் இருந்தது. இன்றைய சொல்லில் கல்லூரி. அதை நடத்துவதற்காகச் சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்று மூன்று ஊர்களை எழுதிவைத்தார்கள். பாகூர்ச் செப்பேடு சொல்லும் செய்தி இது. வாய்க்காலில் தண்ணீர் வந்து வயல் விளைந்தால்தான் அங்கே ஆசிரியருக்கும் மாணவருக்கும் சோறு.

அந்தக் காலத்தில் மானியம் என்றால் நிலம். இன்று ஆராய்ச்சிக்குத் தரும் பணத்துக்கும் அதே சொல்தான்; பல்கலைக்கழக மானியக் குழுவின் பெயரிலும் அதுதான் இருக்கிறது. பழைய கொடைகளைச் ‘சந்திராதித்தவல்’ என்று, சந்திர சூரியர் உள்ளவரை செல்லும்படி எழுதுவது வழக்கம். இன்றைய ஆய்வு மானியம் பெரும்பாலும் மூன்று ஆண்டு.

அந்த மூன்று ஆண்டில் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். என் முதல் ஆய்வுத் திட்டம் தென்பெண்ணை ஆற்றின் கரையோர நிலங்களைப் பற்றியது. வெள்ளம் ஏறி இறங்கும்போது மண், மீன், பயிர் என்ன ஆகின்றன என்று பார்க்க வேண்டும். முதல் ஆண்டு மழை பொய்த்தது. இரண்டாம் ஆண்டு ஆற்றில் முழங்கால் தண்ணீர். மூன்றாம் ஆண்டு அறிக்கை எழுதுவதிலேயே போய்விட்டது. கருவிகளைத் திருப்பிக் கொடுத்த பிறகு, நான்காம் ஆண்டு ஐப்பசியில் வெள்ளம் வந்தது. நான் கையில் குடையோடு கரையில் நின்றேன்.

அந்த வாரம் பெரியப்பா வீட்டு மாட்டுக் கொட்டகைக்குப் போனேன். அங்கே ஒரு கருங்கல் தூண். அதில் தண்ணீர் ஏறிய உயரத்தை ஒவ்வொரு முறையும் உளியால் கீறி வைத்திருந்தார். பக்கத்தில் ஆண்டு கிடையாது. இது மூத்த மகள் பிறந்த வருஷம், இது எருமை செத்த வருஷம் என்று வாயால் சொன்னார். உட்கார்ந்து எழுதிக்கொண்டேன். மூன்று ஆண்டில் என் கருவிகள் தராத தகவல் அந்தத் தூணில் இருந்தது.

நெடுங்காலம் விடாமல் பார்ப்பதன் பயனுக்கு வேறோர் ஆற்றிலும் சான்று உண்டு. வொல்ஃப்காங் யுங்க் என்ற ஜெர்மானிய அறிஞர் அமேசான் படுகையில் பல்லாண்டு உழைத்தவர். மாக்ஸ் பிளாங்க் நிறுவனம் பிரேசிலின் மனாவுசில் ஆய்வை விடாமல் நடத்தியது. 1989இல் அவரும் பெய்லி, ஸ்பார்க்ஸ் என்ற இரு அறிஞர்களும் ஒரு கருத்தை முன்வைத்தார்கள்: ஆண்டுதோறும் வெள்ளம் ஏறி இறங்குவதுதான் படுகையின் உயிர்களை ஆள்கிறது. அதை அவர்கள் வெள்ளத் துடிப்பு என்றார்கள். ஆறு தன் நிலத்துக்குள் வந்து போவதை விபத்தாகவே பார்த்துப் பழகியவர்களுக்கு அது பெரிய திருப்பம். அதற்கு மூன்று ஆண்டு போதியிருக்காது.

நம் தென்பெண்ணை கர்நாடகத்தின் நந்தி மலைப் பக்கம் பிறந்து, கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைத் தாண்டி வருகிறது. சொர்ணாவூர் அணைக்கட்டில் பிரியும் பங்காரு வாய்க்கால் பாகூர் ஏரியை நிரப்புகிறது. மணல் அள்ளி ஆற்றுப்படுகை தாழ்ந்தால் வாய்க்கால் தலைப்பில் தண்ணீர் ஏறாது. ஏரி நிரம்பாவிட்டால் ஆழ்துளைக் கிணறு. அந்த இறைப்பு மிஞ்சினால் கிழக்கே கடலிலிருந்து உப்பு. ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு நிற்கும் இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி எந்த ஆண்டு இளகியது என்று சொல்லத் தொடர்ந்த அளவீடு வேண்டும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை. அடுத்து, டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூரிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறந்தார்கள். பாகூர் கொம்யூன் கிராமங்களில் வீட்டுக்குள் தண்ணீர். வடிந்த பிறகு வயலில் ஒரு விரற்கடை வண்டல். அதைப் பிட்டுப் பார்த்தேன்: மேலே மாவு போல, அடியில் குறுமணல், நடுவே மக்கிய வைக்கோல். பள்ளத்தில் தேங்கிய நீரில் கெண்டைக் குஞ்சுகள் மின்னின. வீடு இழந்தவர் முன்னால் இந்த அழகைப் பேச எனக்கு நா எழவில்லை. ஆனால் அந்த வண்டலை அன்றே அளந்து வைக்காதது பெரும் இழப்பு என்று இன்றும் சொல்வேன்.

மானியம் தருபவர்களிடம் நான் கேட்பது இதுதான். பெரிய தொகையை மூன்று ஆண்டில் கொட்டாதீர்கள். சிறு தொகையை முப்பது ஆண்டு கொடுங்கள். வெள்ளம் வராத ஆண்டுக்கும் கொடுங்கள்.

இன்று பட்டம் வாங்கும் இளைய தோழர்களே, உங்களிடம் கேட்பது அதைவிடச் சின்னது. எல்லோரும் ஆராய்ச்சிக்கு வரப் போவதில்லை. வங்கிக்கும் வெளிநாட்டுக்கும் போவீர்கள், போங்கள். ஆனால் ஊரில் அப்பாவிடமோ அம்மாவிடமோ ஒரு நோட்டைக் கொடுத்துவிட்டுப் போங்கள். ஏரி கோடி போன தேதி, வாசலில் தண்ணீர் எந்தப் படி வரை வந்தது, கிணற்று நீர் உப்புக் கரிக்கத் தொடங்கிய மாதம்: இந்த மூன்றையும் தேதி போட்டு எழுதச் சொல்லுங்கள். பெரியப்பா இன்று இல்லை. தூண் மட்டும் இருக்கிறது. அதன் கடைசிக் கீறலுக்கு மேலே இடம் இருக்கிறது. அடுத்த பருவமழை அக்டோபரில்.